மலை வலது கைப்பக்கம்

மைதானத்தின் கேட்டைத் தாண்டியபோது பதினொன்று என்ற எண் என் மார்பில் இன்னும் குத்தியிருந்தது. ஓடி முடித்தவர்கள் அந்தத் துணியைக் கழற்றி மேசையில் கொடுத்துவிட வேண்டும். "ஏய் பதினொண்ணு, நம்பரைக் குடுத்துட்டுப் போடா" என்று மேசைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. வெறுங்காலோடு வேங்கிக்கால் பக்கமிருந்து ஊரை நோக்கித் தார்ச்சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கே தார் சுட்டது.

அன்று நடந்தது மூவாயிரம் மீட்டர் ஓட்டம். பதினேழு பையன்கள். முதல் இரண்டு பேரைச் சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்கு எடுத்துக்கொள்வார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, முட்டை, ஷூ, படிப்பு எல்லாம் அங்கே இலவசம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்த எனக்கு வேறு கதவு எதுவும் இல்லை. அப்பா கொத்து வேலைக்கென்று பெங்களூர் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அம்மா ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் என் பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் கேட்கலாம். மற்றபடி எல்லோருக்கும் நான் 'ஓட்டம்'. "டேய் ஓட்டம், இங்க வாடா" என்பார்கள். கணக்கில் எட்டு மார்க் வாங்கியபோது வாத்தியார் பிரம்பை எடுத்தார், பிறகு என் காலைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். "வர்ற மாசம் ஓடணும் இல்ல, போ" என்றார். அந்தப் பெயர் எனக்குச் சட்டைபோல இருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று நான் பார்த்ததில்லை.

ஓடக் கற்றுக்கொண்டது மலை சுற்றும் பாதையில்தான். விடிவதற்கு முன் செங்கம் ரோட்டிலிருந்து கிளம்பி, பதினான்கு கிலோமீட்டர் சுற்றி, பள்ளி மணி அடிப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். நடந்துபோகிற சனங்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓடுவேன். அம்மா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். "எவ்ளோ வேணா ஓடு. மலை மட்டும் வலது கைப்பக்கம் இருக்கணும்." அந்த ஊரில் அதைச் சொல்லிக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. எதிர்த் திசையில் யாரும் சுற்றுவதில்லை.

மைதானத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே எப்போதும் இடது பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டியில் முதல் முறையாகச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓடினேன். நேர்க்கோட்டில் யாரும் என்னைத் தொட முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் யாரோ என் இடுப்பைப் பிடித்து வெளியே தள்ளுகிறமாதிரி இருந்தது. எப்படியோ ஜெயித்தேன். பார்க்க வந்திருந்த மாமா மட்டும் சந்தோஷப்படவில்லை. அம்மாவின் தம்பி அவர். வண்டி மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்.

"மாப்ளே, உன் கோளாறு இன்னா தெரியுமா? மூணு வருஷமா சோத்துக்கைப் பக்கமே சாய்ஞ்சி ஓடியிருக்கே. ஒடம்பு அப்பிடியே செட்டாயிடுச்சி. திருப்பிப் போட்டாத்தான் சரியாவும்."

"எப்பிடித் திருப்பறது மாமா?"

"மலையை ரிவர்ஸ்ல சுத்து. உங்கம்மா காதுல மட்டும் வுழக்கூடாது."

எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகப் பட்டது. பதினான்கு கிலோமீட்டர் சுற்றில் கால் உணர்கிற வளைவு என்று ஒன்று கிடையாது, எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கால் என்னவோ நேராகத்தான் ஓடுகிறது என்பது மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பள்ளி மைதானத்தில் நாலு கல்லை வைத்து இடது பக்கமாக வளைந்து வளைந்து ஓடியிருந்தால் போதும். ஆனால் எங்களுக்கு வட்டம் என்றால் மலைதான்.

பதினாறு நாள் அப்படி ஓடினேன். அதுவரை எல்லோர் முதுகையும் பார்த்து ஓடியவன் இப்போது எல்லோர் முகத்தையும் பார்த்து ஓடினேன். அது பயமாக இருந்தது. "எதுர்ல வராதடா, பாவம் புடிச்சவனே" என்று ஒரு கிழவர் தடியை ஓங்கினார். இரண்டு பெண்கள் என் நிழல் படாமல் ஒதுங்கி நின்றார்கள். ஒவ்வொரு நாளும் எதிரில் வருகிற ஒவ்வொரு புடவையும் அம்மாவாகத் தெரிந்தது. இடது தோள் பக்கம் நிற்கிற மலையை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பதினாறாம் நாள் லாட்ஜில் அம்மாவோடு வேலை செய்கிற பெண் என்னைப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் அம்மா திட்டுவாள் என்று சுவரை ஒட்டி நின்றேன். அவள் திட்டவில்லை.

"எத்தினி நாளா?"

"பதினாறு."

கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாறு சுத்து என்னால ஆவாது. நீ ஓடற அன்னிக்கு ஒண்ணு சுத்திடறேன். பச்சைத்தண்ணி குடிக்காம. அதுல கழிஞ்சிக்கட்டும்" என்றாள். அப்புறம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. ஓட்டத்தன்று நான் எழுந்தபோது வீட்டில் அவள் இல்லை. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மலை சுற்றப் போயிருந்தாள்.

ஏழரைச் சுற்று. எனக்குப் போட்டி வேங்கிக்கால் அரசாங்கக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையன்தான். காலில் ஆணி வைத்த ஷூ. அவன் அம்மா குளுக்கோஸ் கரைத்த பாட்டிலோடு கோட்டருகே நின்றாள். இன்னொருவன் ஆரணிப் பக்கத்து நெட்டையன். அவன் முதல் சுற்றிலேயே பறந்துவிட்டான், அவனை யாரும் பிடிக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஓர் இடம். அது என்னிடம் இருந்தது. ஆறு சுற்றும் அது என்னிடமே இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஆணி ஷூ மண்ணைக் கொத்துகிற சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. வளைவு வரும்போதெல்லாம் மாமா கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடிவந்து கத்தினார். "உள்ள உடாத மாப்ளே! கோட்டை ஒட்டு! ஒட்டு!"

கடைசி வளைவு. கோட்டை ஒட்டத்தான் பார்த்தேன். இடது தோளைச் சாய்த்தபோது திடீரென்று அந்தக் கிழவரின் தடி ஞாபகம் வந்தது. அரை அடி, அதிகம் போனால் ஓர் அடி, வெளியே போயிருப்பேன். அந்த இடுக்கில் அவன் நுழைந்துவிட்டான். நேர்க்கோட்டில் மறுபடி நெருங்கினேன். ஒரு கை நீளம்தான் பாக்கி. அதற்குள் அவன் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டான்.

பட்டியல் வைத்திருந்தவர் இரண்டு பெயர் வாசித்தார். "மத்தவங்க போலாம்" என்றார். மாமாவைத் தேடினேன். அவர் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தேன். கால் பதினாறு நாள் பழகிய வழியைப் பிடித்திருந்தது. ஈசான்ய லிங்கத்தருகே மலைப் பாதையில் இடது கைப்பக்கம் மலையை வைத்துக்கொண்டு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தேன். குபேர லிங்கத்துக்கு இந்தப் பக்கம், எதிரில் ஒரு புடவை வந்தது. இந்த முறை அது அம்மாவேதான். உதடு வறண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். சரியான திசையில் போயிருந்தால் அன்று அவளைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

நான் எந்தத் திசையில் வருகிறேன் என்று அவள் கேட்கவில்லை. என் மார்பில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

"இன்னாடா ஆச்சி?"

அவள் பாதத்தில் தோல் கிழிந்து தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துக்கிட்டாங்கம்மா" என்றேன்.

"நெஜமாவா?"

"ரெண்டாவதா வந்தேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

"நாளைக்கேவா" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மலை வலது பக்கம் வந்தது. மிச்சத் தூரத்தை அவளோடு நடந்து முடித்தேன். நேற்றுவரை 'ஓட்டம்' என்று கூப்பிட்டவர்கள் நாளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில்லாமல் தெருவில் நிற்பதைவிட ஊரிலேயே இல்லாமல் போவது சுலபமாகத் தெரிந்தது.

சாயங்காலம் மாமா வந்தார். வாசலில் நின்று அம்மாவோடு கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். அம்மா எதுவும் நடக்காததுபோல உள்ளே வந்து, பையில் துணி வைக்க ஆரம்பித்தாள். மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

இன்னொரு பயம் இருந்தது. விடுதியில் சேர்க்க வீட்டுப் பெரியவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மா வேலை செய்கிற லாட்ஜிலேயே கையெழுத்து இல்லாமல் யாருக்கும் சாவி கொடுக்க மாட்டார்கள். நானும் வர்றேன் என்று சொல்லிவிடுவாளோ என்று காத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவேயில்லை. படிக்காதவள், தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பஸ்ஸுக்குக் காசு எதுக்கு?" என்றாள். "கீழ்பென்னாத்தூர் மண்டியிலேந்து மல்லாட்டை லோடு மெட்ராஸ் போவுதாம். மாமாவுக்குத் தெரிஞ்ச டிரைவரு. அதுலயே போயிடு."

எண் துணியைத் துவைத்துக் காயவைத்து மடித்து, பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

மறுநாள் காலை மண்டியில் வேர்க்கடலை மூட்டை ஏற்றி முடித்து லாரி தயாராக நின்றது. டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்த ஓடற பையனா?"

என் பெயர் கீழ்பென்னாத்தூர்வரை வந்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு பொங்கு பொங்கியது. "ஆமாண்ணே" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "அண்ணே, நான் விடுதிக்குப் போவலை. எதுனா வேலை இருந்தா சொல்லுங்கண்ணே."

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "கிளீனர் இன்னிக்கு வரலை. ஏறு. சோத்துக்கைப் பக்கம் நான் பாத்துக்கறேன். லெஃப்ட் முழுக்க உன்னுது. வளைவுல மட்டும் தூங்கினே, ரெண்டு பேருக்கும் மாலைதான்."

ஏறி உட்கார்ந்தேன். மண்டி வாசலில் லாரி இடது பக்கமாகத் திரும்பியது. ஜன்னலில் தலையை நீட்டி, பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அரை அடியைப் பார்த்து, "வரலாம், வரலாம்" என்று கத்தினேன்.

அன்றைக்கென்று பார்த்துக் கிளீனர் வராமல் போனது என் அதிர்ஷ்டம் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.