செல்வி சொன்ன பதில்

அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று நான் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு வந்திருந்த உத்தரவு. சொல்லக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்திருந்தேன். அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பும் என்னிடம்தான். பெரியம்மை ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து தகவல் வந்தது.

அதே வாரம்தான் பொறுப்பில் இருப்பவர்களுக்கான புதிய வழிகாட்டுதலும் வந்தது. டாக்டர் எங்களை உட்காரவைத்துப் படித்துக்காட்டினார். ஆளை அனுப்பிவிட்டு ஆபீஸில் உட்காரக் கூடாது, நாமே வாசலுக்குப் போக வேண்டும். மிரட்டக் கூடாது. என்ன நோய் என்பதை மறைக்கக் கூடாது. கிளம்பும்போது, மறுபடி எப்போது வருவோம் என்று வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்த வழி அதட்டல் ஒன்றுதான்...

குப்பத்துக்குள் நுழைந்தபோது மதியச் சமையல் நேரம். ஆனால் தெருவில் தாளிக்கிற வாசனை இல்லை. மீன் வறுக்கிற வாசனையும் இல்லை. வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும்தான் மணத்தன. கதவுகள் திறந்திருந்தன. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

என்னோடு வந்தவர் தேசப்பன். பல வருஷமாக அம்மை குத்துகிறவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்.

"பேப்பர்ல இன்னா வேணா எழுதிக்கட்டும் சிஸ்டர். அம்மா வந்த ஊட்ல போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாம சொன்னா, அம்மாவும் போயிட்டுத் திரும்பி வந்துடுவாங்கன்னு பயம்."

"உங்களுக்குமா பயம்?"

"எனக்கு இன்னா... எம் பொண்டாட்டி சண்ட போட்டுக்கினு தாய் ஊட்டுக்குப் போறப்ப ஒரு தபா கூட சொல்லிக்கினு போனதில்ல. ஆனா கரெக்டா திரும்பி வந்துடறா."

சிரித்தேன். அந்தத் தெருவில் என் சிரிப்பு எனக்கே அந்நியமாகக் கேட்டது.

கன்னியம்மா வாசற்படியில் நின்றாள், இடுப்பில் கைக்குழந்தை. உள்ளே இருட்டில் அவளுடைய மூத்த பெண் செல்வி படுத்திருந்தாள். வேப்பிலைப் படுக்கைக்கு வெளியே நீண்டிருந்த பாதங்கள்தான் எனக்குத் தெரிந்தன. அவற்றில் அம்மை முத்துகள்.

"நேத்துலேர்ந்து வாயே தொறக்கல" என்றாள் கன்னியம்மா.

நிலையைக் குனிந்து கடந்து உள்ளே தரையில் உட்கார்ந்தேன். உத்தரவுப்படி நோயின் பெயரைச் சொன்னேன். அவள் குழந்தையின் காதைக் கையால் மூடினாள்.

"சின்னதுக்கு இப்பவே குத்திட்டா பொழச்சிக்கும்மா. விட்டா இதுக்கும் வந்துடும்."

"அம்மா உள்ள உக்காந்துகினு இருக்கா நர்ஸம்மா. அவ கண்ணெதிர்ல கொயந்தயக் குத்துனா கோச்சுக்க மாட்டாளா? அவ வெளிய போவட்டும். அப்பால பாக்கலாம்."

எவ்வளவோ சொன்னேன். அவள் கோபப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அவள் சொல்லும் அந்த "அப்பால"வுக்குள் குழந்தைக்குத் தொற்றிவிடும் என்று எனக்குத் தெரியும்.

எழுந்தேன். "நாளைக்கு வரேன்" என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். குடையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பேசாமல் படி இறங்கினேன்.

அப்போது உள்ளேயிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"சரி... போயிட்டு வா."

பிதற்றல் இல்லை. முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பும் ஒருவருக்குப் பதில் சொல்கிற, தெளிவான குரல்.

தேசப்பன் என்னைப் பார்த்தார். "சிஸ்டர்... நீங்க சொன்னீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வெறும் இடம். அங்கே, என்னைவிட உயரமான ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை மெல்ல நகர்ந்து தெருக்கோடிவரை போனது. நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது. என் தலை பட்டிருக்கலாம். நான் குனிந்துதான் வந்தேன்.

மறுகணம் அவள் படியிறங்கி ஓடிவந்து குழந்தையை என் கையில் திணித்தாள்.

"வெளிய போயிட்டா. திரும்பி வர்றதுக்குள்ள குத்திடு நர்ஸம்மா. சீக்கிரம்."

முற்றத்திலேயே குத்தினோம். குழந்தை வீறிட்டு அழுதது. அந்தத் தெருவில் அன்று நாங்கள் கேட்ட ஒரே பெரிய சத்தம் அதுதான்.

சாயங்காலம் டாக்டர் கேட்டார். "மறுபடி வர்றதைப் பத்தி வீட்ல பேசினீங்களாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் தேசப்பன் முந்திக்கொண்டார். "அந்தப் பேச்சு ஆயிடிச்சி சார்."

யார் பேசியது என்று டாக்டர் கேட்கவில்லை...

இப்போது என் அண்ணன் மகள் சமூக நலத் துறையில் ஒரு மேலாளர். அவளுக்கு வழிகாட்டுதல்கள் போனிலேயே வருகின்றன. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று. போன மாதம் ஒன்றைக் காட்டினாள். அடுத்து எப்போது வருவோம் என்பதைக் குடும்பத்தாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற வரி அதிலும் இருந்தது. நல்ல வரிதான். பெரியம்மையே உலகத்தில் இல்லை. அந்த ஊர்ப் பக்கம் போனால் இப்போது தெருமுழுக்க வறுவல் வாசனை. அந்த அமைதியைச் சொன்னால்கூட அங்கே யாருக்கும் புரியாது.

நான் மட்டும் இன்றைக்கும், யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும், பதில் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நொடி நின்று கேட்பேன்.

குழந்தைக்குக் குத்திய மறுநாள் காலையில் நானும் தேசப்பனும் மறுபடி போனோம். விடிவதற்கு முன்பே செல்வி இறந்துபோயிருந்தாள். கைக்குழந்தைக்குக் கடைசிவரை அம்மை வரவில்லை.