தாய்க்கு ஆகாதது

பால்வாடி டீச்சர் தங்கச்செல்வி பிள்ளைகள் மேல் உள்ள பிரியத்தால்தான் அந்த வேலைக்குப் போனாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பிரியம் இருந்ததுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் முதல் நாள் போனபோது அவள் கண் போனது பிள்ளைகள் பக்கம் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் கதவு வைத்துக் கட்டியிருந்த கக்கூஸ் பக்கம். மல்லாங்கிணற்று ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடந்த அந்த ஊரில் கதவு வைத்த கக்கூஸ் அது ஒன்றுதான். மற்றப் பெண்களெல்லாம் விடியுமுன்னே ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை என்று கருவேலங்காட்டுக்குப் போய்வந்தார்கள். இடையில் வந்தால் அடக்கிக்கொள்வார்கள். தங்கச்செல்வியால் அடக்க முடியாது. அவளுக்குப் பெருங்குடலில் புண்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே, எண்பத்தாறிலோ ஏழிலோ வந்த சீக்கு அது. சளியும் ரத்தமுமாகப் போகும், சில மாசம் அடங்கிக் கிடக்கும், மறுபடியும் கிளம்பும். இது ஆயுசுக்கும் கூடவே வரும், அடக்கி வைக்கலாமே தவிர அறவே போக்க முடியாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் அவள் அம்மா அதற்கு ஒரு பேர் கண்டுபிடித்தாள்: குடல்புண். நேரத்துக்குச் சாப்பிடாத பாதிச் சனத்துக்கு அந்தப் பக்கத்தில் குடல்புண் உண்டு. கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மணத்தக்காளிக் கீரை தின்னு, மோர் குடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. புருசன் சுந்தரபாண்டியும் அதைத்தான் நம்பினான். மல்லியும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற சம்சாரி, பெண்டாட்டியின் குடலை எங்கே பார்க்கப் போகிறான்? ரத்தத்தைப் பற்றி அவள் அவனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் செத்துப்போவோம் என்கிற அளவுக்கு வெட்கம்.

மகள் தீபலட்சுமிக்கு ஆறு மாசமாகும்போது சீக்கு மறுபடியும் கிளம்பியது. இந்தத் தடவை டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார். இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், இதை முழுங்குகிற வரைக்கும் உயிருள்ள கிருமி வைத்த தடுப்பு மருந்து எதுவும் உனக்கு ஆகாது என்று எச்சரித்தும் அனுப்பினார். இந்த வயசில் தனக்கு எவர் தடுப்பு மருந்து போடப்போகிறார் என்று அவள் அதை அப்படியே மறந்துபோனாள்.

அது தொண்ணூற்றைந்தாம் வருசம். கார்த்திகையில் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைக்கும் போலியோ சொட்டு மருந்து என்று அறிவித்தார்கள். டீச்சர்களை அருப்புக்கோட்டைக்குக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார்கள். சொட்டில் இருப்பது உயிருள்ள கிருமிதான், வலுவைக் குறைத்து வைத்திருக்கிறது, குழந்தை வெளிக்குப் போகும்போது சில வாரம் அதோடு வெளியேறும் என்று விளக்கினார்கள். உயிருள்ள கிருமி என்றதுமே தங்கச்செல்விக்கு உட்கார்ந்த இடத்தில் வேர்த்துவிட்டது.

அவள் புத்தி தடம் மாறியது இந்த இடத்தில்தான். நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கு மாந்தம் என்றால் மருந்தும் பத்தியமும் தாய்க்குத்தானே. தாய் கத்தரிக்காய் தின்றால் பிள்ளைக்குச் சொறி, தாய் தலைக்குக் குளித்தால் பிள்ளைக்குச் சளி. அப்படியிருக்க, தாய்க்கு ஆகாத மருந்து அவள் பாலைக் குடிக்கிற பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? தான் மாத்திரை முழுங்கத் தொடங்குமுன்னே நர்ஸம்மா பிள்ளைக்குப் போட்ட சொட்டெல்லாம் வேறு, இது வேறு என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். மதுரைக்கு பஸ் ஏறி டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன மாசம்தானே போனாய், குடல்புண்ணுக்கு இத்தனை தடவை மதுரையா என்று புருசன் கேட்டால் என்ன சொல்வது? கேட்காமலே இருந்துவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் பிள்ளையைப் பாளையம்பட்டியில் அம்மா வீட்டில் விட்டு, யார் கூப்பிட்டாலும் சொட்டு மருந்துக்குத் தூக்கிப்போகாதே என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் பால்வாடி வாசலில் உட்கார்ந்து ஊர்ப்பிள்ளைகள் வாயிலெல்லாம் சிரித்த முகமாக இரண்டிரண்டு சொட்டு விட்டாள். உன் பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம், அம்மாச்சி வீட்டில் போட்டாயிற்று என்றாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி.

எத்தனை நாளைக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியும்? பக்கத்து வீட்டு மாயக்காள் ஒரு விசேஷத்துக்குப் பாளையம்பட்டிக்குப் போன இடத்தில் தங்கச்செல்வியின் அம்மாவைப் பார்த்தாள். சுந்தரபாண்டியின் பெரியப்பா மகள் மாயக்காள், தங்கச்செல்விக்கு மதினி முறை. பேச்சோடு பேச்சாக, எம்மக சொட்டு மருந்து வேணாமுன்னுட்டா என்று அந்த அம்மாள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். மாயக்காளின் ஒரே மகன் சோலை, தவமிருந்து பெற்ற பிள்ளை. ஊரில் முதல் ஆளாக அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வாயைத் திறக்கச் சொன்னவள் அவள்தான்.

பஸ்ஸைவிட்டு இறங்கியவள் நேரே பால்வாடிக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஒம்பிள்ளைக்கு ஊத்தாத மருந்த எம்பிள்ளைக்கு ஏன் ஊத்துன? என்ன மருந்து அது, உள்ளதச் சொல்லு" என்றாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் ரத்தத்தைச் சொல்ல வேண்டும். தங்கச்செல்வி வாயைத் திறந்தாள், மூடினாள், தரையைப் பார்த்தாள். மாயக்காள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். பதில் வராததே பதிலாகிவிட்டது. டீச்சருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, தன் பிள்ளையை மட்டும் ஒளித்துவிட்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. தை மாசம் இரண்டாம் தடவை போடுவார்களாம், ஒருத்தரும் போகக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஊர்ப்பிள்ளைகளில் ஒன்றுக்குக் கால் சூம்பினாலும் அது தன் வாயடைப்பால்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

பொங்கல் கழிந்ததும் மதுரைக்குப் போனாள். டாக்டர் கோபிக்கவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஆகாதுன்னு சொன்னது உனக்கும்மா, உம் பிள்ளைக்கு இல்ல. நோய் சுத்திக்கிட்டிருக்கிற ஊர்ல பிள்ளைக்குப் போடாம விடுறதுதான் ஆபத்து. போட்ட பிறகு ஒரு மாசத்துக்கு மேலயே பிள்ளைக்குக் கழுவிவிடுறத வேற யாராவது பாத்துக்கட்டும். நீயும் கையச் சோப்புப் போட்டுக் கழுவு. அவ்வளவுதான்."

வேறு யாராவது என்றால் புருசன்தான். ஏன் என்று கேட்பானே. திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அருப்புக்கோட்டையில் வேர்த்ததே, அது பிள்ளையை நினைத்தா, தன்னை நினைத்தா? பிள்ளைக்குக் கழுவிவிடுகிற கையால் கிருமி தனக்கு வந்துவிடும் என்ற பயமும் அதில் இருந்தது. பாதி இருந்ததா, பாதிக்கு மேலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ரத்தம் போகிறதே என்று இத்தனை வருசம் பட்ட வெட்கம் தனக்காகவும் பயந்தோமே என்கிற இந்த வெட்கத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

சொட்டு மருந்து நாளன்று பால்வாடி வாசலில் ஈ காக்கை இல்லை. நர்ஸம்மா மருந்துப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பெண்கள் தள்ளி வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். தங்கச்செல்வி தீபலட்சுமியைத் தூக்கிவந்து, எல்லாரும் பார்க்க வாயில் இரண்டு சொட்டு விட்டாள். ஒருத்தரும் அசையவில்லை.

"இன்னைக்கு ஊத்துறவ அன்னைக்கு ஏன் ஊத்தல?" என்றாள் மாயக்காள்.

ஏர்க்காலைத் தோளில் வைத்துக்கொண்டு சுந்தரபாண்டியும் அங்கே வந்து நின்றான். தங்கச்செல்வி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மண்ணைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்குக் குடல்புண்ணு வயித்துல இல்ல மதினி. கீழ இருக்கு. ரெத்தரெத்தமாப் போகுது. அதுக்கு முழுங்குற மாத்திரைக்கு இந்த மருந்து எனக்கு ஆகாது. எனக்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். டாக்டருகிட்டக் கேக்கல. கேட்டா வெளிய தெரிஞ்சுபோகுமேன்னு வெக்கம். இப்பக் கேட்டுட்டு வந்துட்டேன், பிள்ளைகளுக்கு நல்ல மருந்துதான். எனக்காகவும் பயந்தேன். நாந்தான் இவளுக்குக் கழுவிவிடக் கூடாதாம்."

சொல்லி முடித்ததும் அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. இனி எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பது?

மாயக்காள் சோலையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"நீ பட்டப்பகல்ல செம்பத் தூக்கிட்டுக் கருவக்காட்டுக்கு ஓடுனத நாங்க பாக்கலேன்னா நெனச்ச? கல்யாணமாகி வந்த வருசமே ஊருக்குத் தெரியும்த்தா. ரெத்தத்தயும் பாத்திருக்கோம். சொல்ல வெக்கப்படுறா, நாமளும் கேக்க வேணாமுன்னு இருந்தோம். ஒன் வயித்த யாரு கேட்டா? எம்பிள்ள வாயில ஊத்துனியே, அதத்தான கேட்டேன்."

தங்கச்செல்வியால் நிமிர முடியவில்லை. ஊரே சேர்ந்து மூடி வைத்துக் காப்பாற்றிய மானத்துக்காகத்தான் அந்த ஊர்ப்பிள்ளைகளை அவள் பணயம் வைத்திருந்தாள். அழுகை வந்தது. மாயக்காள் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. மகனின் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து பிடித்தாள்.

"ஊத்து" என்றாள்.

முதல் சொட்டு தவறிப் பிள்ளையின் தாடையில் விழுந்தது. மாயக்காள் அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

சுந்தரபாண்டி ஏர்க்காலை வேப்பமரத்தில் சாத்தினான். அவள் இடுப்பில் இருந்த தீபலட்சுமி அதற்குள் ஈரம் பண்ணி வைத்திருந்தாள், ஈரம் மட்டும் இல்லை. அவன் ஒன்றும் கேட்காமல் மகளை வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் குழாயடிக்குத் தூக்கிப்போனான். போகும்போதுதான் திரும்பிப் பார்த்து, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான். அடுத்த பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நின்றது.