பதினான்கு அடிப் பாயில் பனி

பனிக்கு எத்தனை நிறம் என்று யாராவது என்னிடம் கேட்டால் பதினொன்று என்று சொல்வேன். எழுபத்தாறாவது வயதில், கனடாவில் மகள் வீட்டு ஜன்னலோரம் இருந்து எண்ணிய கணக்கு அது. தொண்ணூற்றேழு நாள் அங்கே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் பனி விழுந்தது. விழும்போது எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. மறுநாள் வெயில் வந்த பிறகு பார்த்தால் மரத்தடியில் நீலம், வேலிக்கு அப்பால் சாம்பல், பின்னேரம் நாலு மணிக்கு ஒரு வெளிறிய ரோசா. சுத்த வெள்ளை என்று சொல்ல, வெயில் நேராகப் பட்ட நாலைந்து இடங்கள்தான் இருந்தன.

"அப்பா, அரை மணித்தியாலமா என்னத்தைப் பாக்கிறியள்? ஜன்னலைச் சாத்துங்கோ, குளிருது" என்று மகள் சத்தம் போட்டாள். நான் சாத்தவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. குளிசை எடுத்தீர்களா என்று கேட்டாள். காலையில் நாலு, சரியாக எடுத்திருந்தேன். இது குளிசை கேட்கிற விஷயம் அல்ல.

அதற்கு அறுபத்தேழு வருஷத்துக்கு முன், மன்னார்த் தீவில், எங்கள் சித்தப்பா ஒரு பழைய பாய்மரச் சீலையில் இதே பனியை இதே நிறங்களில் வரைந்திருந்தார். அது பிழை என்று தீர்மானித்தவன் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா என் அப்பாவின் தம்பி. நாலு வருஷம் ஊரில் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு பங்குனி மாதம் வெறுங்கையோடு வந்து இறங்கினார். கப்பலில் பெயின்ற் அடிக்கிற வேலை பார்த்ததாகச் சொன்னார். குளிர் தேசத்துத் துறைமுகம் ஒன்றில் கடல் உறைந்து, கப்பல் நாற்பத்து மூன்று நாள் அசையாமல் நின்றதாம். திரும்பி வரும்போது கொழும்பில் பெட்டி களவு போய்விட்டதால், காட்டுவதற்கு அவரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இருக்கவில்லை. ஊரில் வேறொரு கதை ஓடியது. நாலு வருஷமும் கொழும்பில் மறியலில் கம்பி எண்ணிக்கொண்டு கிடந்தவன் என்பது அந்தக் கதை.

நான் இரண்டு கதைக்கும் நடுவில் நின்றேன். நாற்பத்து மூன்று என்ற எண்ணை நம்பினேன். பொய் சொல்கிறவர்கள் நாற்பது என்றுதான் சொல்வார்கள். ஆனால் கடல் உறையும் என்பதை நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இருநூற்றுப் பத்து அடி வைத்தால் கடல். மார்கழியிலும் அதில் கால் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்.

சித்தப்பாவுக்கு முருங்கனில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். அம்மா ஏழு மாதம் நடையாய் நடந்து கொண்டுவந்த சம்பந்தம். சித்தப்பா அந்தப் பெண்ணைக் கோவில் திருநாளில் இரண்டு தரம் பார்த்திருந்தார். அதன் பிறகு அவர் சீப்பும் கையுமாக நின்று தலை இழுக்க எடுத்துக்கொள்கிற நேரம் மூன்று மடங்காயிற்று. பெண்ணின் தகப்பனுக்குச் சம்மதம். தடை வந்தது தகப்பனின் தமையனிடமிருந்து. அந்தப் பெரியப்பா சீமையில் படித்து, இரண்டு குளிர்காலம் அங்கே இருந்து வந்தவர். அவர் சொல்லியனுப்பியது இதுதான்: "கப்பல்காரன் எண்டால் சரி. மறியல்காரனுக்கு எங்கட பெட்டையைத் தரேலாது."

அந்த வருஷம் கோவில் கொட்டகையில் நத்தார் நாடகம் போட முடிவானது. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் பனி நிலம் ஒன்று தெரிய வேண்டும் என்றார்கள். பெத்லகேமில் பனி பெய்ததா என்று எவரும் கேட்கவில்லை. சுவாமியாரின் மேசையில் இருந்த ஏழு வாழ்த்து மட்டைகளிலும் பனி இருந்தது. ஆகவே பனி வேண்டும். ஊரில் பனியைக் கண்டதாகச் சொல்லிக்கொண்ட ஒரே ஆள் சித்தப்பா.

அம்மா இதில் ஒரு வழியைக் கண்டார். முருங்கன்காரர் எல்லாரையும் நாடகத்துக்கு அழைத்துவிட்டு, சித்தப்பாவிடம் சொன்னார்: "தம்பி, அந்தப் பெரியப்பா பனியைக் கண்ட மனிசன். நீர் கண்டதை அப்பிடியே கீறிவிடும். பாத்தால் அவருக்கு விளங்கும். வாயாலை ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"கீறுறன் அண்ணி" என்றார் சித்தப்பா. அன்று இரவு அவர் சாப்பிட்டது ஒரு பிட்டுத்தான்.

அப்பாவின் பழைய பாய்ச்சீலை கிடைத்தது. பதினான்கு அடிக்கு ஒன்பது அடி. எங்கள் கரையில் பாயும் வலையும் உக்காமல் இருக்க மரப்பட்டை அவித்த சாயத்தில் ஊறப்போடுவார்கள். ஆகவே அது நல்ல செம்மண்ணிறத்தில் இருந்தது. அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசையை மூன்று தரம் பூசினார். ஒவ்வொரு பூச்சும் காய ஒரு பகல். மூன்றாவது பூச்சில்தான் சோக்குத்தூளும் கொஞ்சம் சேர்ந்தது. அதற்கே நாலு நாள் போயிற்று. நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். சீலையில் ஒன்றுமே இராது.

ஐந்தாம் நாள் வரையத் தொடங்கினார். வெள்ளையைத் தொடவில்லை. உடுப்புத் தோய்க்கிற நீலக்கட்டியை உடைத்து, கரித்தூளும் சோக்கும் சேர்த்து, தூரத்து மலையை மங்கலாக வைத்தார். மலையின் விளிம்பை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அழித்தார். "குளிருக்குள்ளை தூரத்துச் சாமான் ஒண்டும் கூராத் தெரியாது" என்றார். மரங்களுக்கு நிறமே பூசவில்லை. சுற்றிவரப் பனியைப் பூசிவிட்டு, பாயின் செம்மண் நிறத்தை இடையில் விட்டார். அதுவே அடிமரமும் கொப்பும் ஆயிற்று. கொப்பின் மேல்பக்கத்தில் மட்டும் பனி. கீழ்ப்பக்கத்திலும் போடச் சொன்ன என்னிடம், "பனி மேலையிருந்துதானே விழுகுது, மருமகனே?" என்றார். நான் மகன் முறை. நக்கலடிக்கும்போது மட்டும் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

நடுவில் ஒரு குளம், உறைந்த குளம். அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தார். முதலில் கருநீலத்தைத் தண்ணியாகப் பூசி, காய்ந்ததும் உலர்ந்த தும்புக்கட்டைத் தூரிகையில் சாம்பல் நிறத்தைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, இடமிருந்து வலமாக ஒரே இழுவை. மரத்தின் நிழலை மட்டும் நேர் கீழே இறக்கினார். பனி முடிந்து ஐஸ் தொடங்குகிற இடத்தில் ஒரு கறுத்த கோடு. கடைசியாக, சோக்குத்தூளைக் கெட்டியாகக் குழைத்து, மஞ்சள் ஒரு சிட்டிகை சேர்த்து, வெயில் படுகிற இடங்களில் விரலால் வைத்தார். எண்ணினேன். ஒன்பது இடம். பதினான்கு அடிப் பாயில் ஒன்பதே ஒன்பது வெள்ளைப் பொட்டு!

பார்க்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. முதலில் வந்தவர், கோவில் மணி அடிக்கிற சங்கிலித்தாம்.

"என்னடாப்பா, நீலம் கூடிப்போச்சு. பனியைத் தோய்க்கப் போட்டனியோ?"

"நிழலிலை பனி நீலம்தான் அண்ணை."

"ஏழு மட்டையிலையும் வெள்ளை. உன்ர மறியலிலை மட்டும் நீலமோ?"

கூட நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் காது சுட்டது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. பெரியப்பா வந்து இந்த நீலத்தைப் பார்ப்பார், இவன் பனியைக் கண்டதில்லை என்பார், எழுந்து போவார். இதை நான் மனதுக்குள் இருபது தரம் ஓட்டிப் பார்த்தேன். இருபது தரமும் அப்படியே முடிந்தது. சித்தப்பா பொய்காரர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அவர் என் பொய்காரர். அவரைக் காப்பாற்ற வேண்டும்.

நத்தார் அன்று காலைப் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஊர் படுத்திருந்த நேரம். சித்தப்பா முருங்கன்காரரைக் கூட்டிவர பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார். கொட்டகையில் முன் திரை இழுத்து மூடியிருந்தது. கோவில் சுவருக்கு அடித்து மிஞ்சிய சிப்பிச் சுண்ணாம்பு அரை வாளி பின்பக்கம் கிடந்தது. வாங்குப் பலகையின் மேல் ஏறினால் எனக்கு ஏழு அடி உயரம் எட்டியது. தும்புக்கட்டையால் பூசத் தொடங்கினேன்.

பூசின இடம் வெளுக்கவில்லை. ஈரத்தில் சாம்பலாகவே கிடந்தது. போதாது என்று இரண்டாம் தரம் பூசினேன். அதற்கும் அசையவில்லை. மூன்றாம் தரம் நன்றாக ஊற்றித் தேய்த்தேன். நீலம் போயிற்று, குளத்தின் கறுத்த கோடு போயிற்று, அந்த ஒன்பது பொட்டும் எங்கே என்று தெரியாமல் போயிற்று. முடிக்கும்போது மேல்பக்கம் காய்ந்து, பால் மாதிரி வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஏழு மட்டையிலும் இருந்த அதே வெள்ளை. கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பட்டைச் சாயத்தில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பது, வெற்றிலை போட்டுக்கொண்டு பாய் தைக்கிற எந்தக் கிழவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. சித்தப்பா மூன்று நாள் பசை பூசிச் சாயத்தைப் பூட்டி வைத்திருந்தார். நான் தண்ணீர் ஊற்றி அதைத் திறந்துவிட்டேன்.

நாலரை மணிக்கு நாடகம். முன்வரிசையில் முருங்கன்காரர் ஐந்து பேர்: பெரியப்பா, தகப்பன், தாய், பெண், ஒரு சின்னப் பெடியன். பெரியப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் சித்தப்பா, அவருக்குப் பக்கத்தில் நான். சித்தப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. "பாருங்கோ ஐயா, திரை திறக்கட்டும்" என்று பெரியப்பாவிடம் இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுக்கும்போது திரை திறந்தது.

சுண்ணாம்பு வெள்ளையில் பழுப்புக் கறைகள். வெற்றிலை துப்பின நிறத்தில் சில, தேத்தண்ணி கொட்டின நிறத்தில் சில. கீழ்ப்பக்கம் கோடு கோடாக வழிந்திருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "பெத்லகேமிலையும் வெத்திலை வித்திருக்கிறாங்கள்" என்றது. கொட்டகை முழுவதும் சிரித்தது.

சித்தப்பாவின் முழங்கால் நின்றுவிட்டது. அவர் சீலையைப் பார்த்தார். பிறகு குனிந்து என் முழங்கையைப் பார்த்தார். அங்கே ஒரு திட்டுச் சுண்ணாம்பு காய்ந்துபோய் இருந்தது. சேட்டுப் பையிலிருந்து லேஞ்சித் துண்டை எடுத்து, நாக்கில் நனைத்து, அதைத் துடைத்துவிட்டார். விருந்தாளிகளுக்கு முன் நான் ஊத்தையாக இருக்கக் கூடாது என்று துடைக்கிறார் என நினைத்தேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"தம்பி, இது நீர் கீறினதோ?"

"ஓம் ஐயா."

"முழுக்க நீர்தானோ? இந்த வெள்ளையும்?"

எங்களுக்குப் பின்வரிசையில் அப்பா இருந்தார். கோவில் சாமானில் கை வைத்த பிள்ளையை அப்பா என்ன செய்வார் என்பது எனக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும்; அதே வருஷம் மெழுகுதிரி எடுத்ததற்கு என் முதுகில் பதினாறு அடி விழுந்திருந்தது. அம்மா தன் கதிரையில் முன்னுக்குச் சரிந்து, சித்தப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் சித்தப்பா. "இண்டைக்கு மத்தியானம்தான் நான் அடிச்சனான்."

"ம்" என்றார் பெரியப்பா. "நான் கண்ட பனி வேறை."

அவர் கோபப்படவில்லை. இடையர்கள் வந்து போகும்வரை மரியாதைக்கு இருந்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். ஐந்து கதிரையும் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கடைசியாக எழுந்தது அந்தப் பெண். அவள் சீலையைத்தான் பார்த்துக்கொண்டு போனாள், சித்தப்பாவைப் பார்க்கவில்லை. சித்தப்பாவே சொல்லிவிட்டார், ஆகவே வெள்ளை அடித்தது தான்தான் என்று அவரும் நம்பிவிட்டாராக்கும் என்று எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் வந்தது. அடி விழாது என்ற ஆறுதல் அதைவிடப் பெரிது.

தை பிறந்ததும் அந்தப் பெண்ணை இலுப்பைக்கடவையில் கட்டிக்கொடுத்தார்கள். சித்தப்பா அதன் பிறகு முப்பத்தெட்டு வருஷம் இருந்தார், தனியாக. மறியல்காரன் என்ற பட்டம் அவரோடு சவக்காலை வரைக்கும் போயிற்று. அம்மா இறுதிவரை, "ஏன் தம்பி கடைசி நேரத்திலை வெள்ளையை அள்ளி ஊத்தினீர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அருகில் இருந்த தடவைகளை மட்டும் எண்ணினால் ஒன்பது வரும். ஒன்பது தரமும் அவர் பேச்சை மாற்றினார். ஒன்பது தரமும் நான் வாயைத் திறக்கவில்லை.

நாடகத்துக்கு அடுத்த நாள் காலை, பாயைக் கழற்றிக் கடலுக்குக் கொண்டுபோனோம். இடுப்பு நனைகிற நாரி அளவு தண்ணீரில் அவர் ஒரு முனை, நான் மறு முனை. சுண்ணாம்பு பால் பாலாகக் கரைந்து போயிற்று. அதற்குப் பின்னால் நீலமும் கொஞ்சம் கரைந்து போயிற்று.

"எத்தினை கறை எண்டு எண்ணினனியே?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்டு, சித்தப்பா."

"கணக்கிலை நீ விண்ணன்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். "சுண்ணாம்பை ஈரத்திலை பாத்து நம்பப்படாது, தெரியுமே? காயக் காயத்தான் வெளுக்கும்." ஏன் இதை என்னிடம் சொல்கிறார் என்று யோசித்தேன். அவர் இனிமேல் அப்படிச் செய்யாமல் இருக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் என்று பட்டது.

அப்போது கடலைத் தாண்டுகிற தாம்போதிப் பக்கம் போகிற தெருவில் முருங்கன் பஸ் வந்தது. அவருக்குப் பஸ் பார்ப்பது பிடிக்கும். அந்த மாதம் முழுவதும் முருங்கன் பஸ் போகும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தவர். இன்று தெருவுக்கு முதுகைக் காட்டி, பாயைப் பிழிந்துகொண்டு நின்றார்.

"சித்தப்பா, முருங்கன் பஸ் போகுது" என்றேன்.

அவர் திரும்பவில்லை. காதுக்குள் தண்ணீர் போய்விட்டதாக்கும் என்று நினைத்து, இரண்டு கையையும் வாயில் குவித்து இன்னும் உரக்கச் சொன்னேன்.