துவைத்த துணியைத் திரும்பத் துவைத்த அக்கா

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். திருநெல்வேலி டவுணை ஒட்டிய குறுக்குத்துறையில், தாமிரபரணிப் படித்துறையில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துக்கொண்டிருந்தேன். 'பார்த்துக்கொண்டிருந்தேன்' இல்லை, படித்துக்கொண்டிருந்தேன். இந்த வித்தியாசத்தை எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் படிப்பே முடிந்துவிட்டது. "சினிமாவுக்கு எதுக்குலே படிப்பு? டிக்கெட் எடுத்தா போதாதா?" என்று என் பெரியப்பா அப்பாவைக் கேட்காத விசேஷ வீடு கிடையாது. அப்பா பாயசத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பார். பெண் பிள்ளையை அந்தப் படிப்புக்கு அனுப்பியதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

அந்தப் படிப்பில் ஒரு வருடம் முழுக்க வகுப்பே கிடையாது. படம் எடுக்கிறவர்களோடு போய் வேலை செய்ய வேண்டும். 'இந்தப் பிள்ளை தேறும்' என்று அவர்கள் சொன்னால்தான் அந்த வருடம் தேறும். எனக்குக் கிடைத்த குழு, என் அதிர்ஷ்டமோ என்னவோ, எங்கள் ஊருக்கே படப்பிடிப்புக்கு வந்து இறங்கியது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனேன். அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். தூக்குச்சட்டியில் புளியோதரை கட்டிக்கொடுத்து அனுப்புவாள்.

எனக்குக் கொடுத்தது கன்டின்யூட்டி பார்க்கிற வேலை. ஒரே காட்சியைத் துண்டு துண்டாக, சில நேரம் இரண்டு மூன்று நாட்கள் எடுப்பார்கள். திரையில் அது ஐந்து நிமிடத்தில் நடந்து முடிவதாக வரும். அதனால் நேற்று கதாநாயகியின் துண்டு இடது தோளில் கிடந்தால் இன்றும் இடது தோளில்தான் கிடக்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள், சட்டைப் பித்தான், சொம்பு, குடம் எல்லாம் நேற்று இருந்த மாதிரியே இருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் தலை உருளும். உருளப்போகிற தலை என்னுடையது.

அன்றைக்குப் படித்துறையில் காட்சி. கதாநாயகி ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் கடைசியாக ஆற்றுக்கு வருகிறாள். சுற்றிலும் குளிக்க, துவைக்க என்று சென்னையிலிருந்து துணை நடிகைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்த விதத்தைப் பார்த்து டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கோபக்காரர், ஆனால் கண் கூர்மையானவர். "நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே? போய் நிஜமா துவைக்கிறவங்களைக் கேட்டுப் பாரு" என்று என்னை விரட்டினார். குழுவில் நான் ஒருத்திதான் பெண்.

நான் நாலு படி இறங்குவதற்குள் துறையே காலியாகிவிட்டது. "ஏட்டி, படம் பிடிக்காவளாம், ஓடு ஓடு!" என்று ஈரத் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரே ஒரு அக்கா மட்டும் அசையவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பழைய நூல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், "துணி இன்னும் பாதி கெடக்கு. நான் எங்கன போக? ஒங்களுக்கு வேணும்னா பிடிச்சுக்கோங்க. என்னைய மட்டும் அங்கன பாரு, இங்கன பாருன்னு சொல்லப்பிடாது" என்றாள்.

டைரக்டருக்கு வாயெல்லாம் பல். கதாநாயகி படியிறங்கி வர, பக்கத்திலேயே அக்கா தன்பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருந்தாள். கேமரா என்று ஒன்று இருப்பதையே அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஷாட் அவ்வளவு அழகாக வந்தது. நெருக்கமான ஷாட்டுகளை எடுக்கலாம் என்று கேமராவை நகர்த்தும்போது மேகம் மூடிக்கொண்டது. காத்திருந்து பார்த்துவிட்டு, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பேக்கப் சொல்லிவிட்டார்கள்.

நாளைக்கும் அக்கா வேண்டுமே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா அதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்படிக்குப் போயிருந்தாள். ஓடிப்போய் மறித்தேன். "அக்கா, நாளைக்கும் நீங்க வரணும். இதே சேலையோட வரணும். இல்லைன்னா இன்னைக்கு எடுத்தது அத்தனையும் வீண்."

"நாளைக்கா? நல்ல பிள்ளைதான் போ! நாளைக்கு எங்க வீட்டுல வளைகாப்புல்லா! எந் தங்கச்சிக்கு. அம்மை இல்லாத வீடு. நான்தான் மொத வளையல் போடணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே அழுதேன். என் படிப்பு, அப்பா வாங்கிய பேச்சு, நாளைக்கு டைரக்டர் என்னைத் துரத்திவிட்டால் பெரியப்பா சிரிக்கப்போகிற சிரிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "படத்துல நான் வருவனா?" என்று கேட்டாள். வருவீங்க அக்கா என்றேன். அவ்வளவு நல்ல ஷாட்டை யாராவது விடுவார்களா என்றுதான் நானும் நம்பினேன். "சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த 'பாப்போம்' இருக்கிறதே, எங்கள் ஊரில் அதற்கு வருவேன் என்றும் அர்த்தம், வரமாட்டேன் என்றும் அர்த்தம்.

மறுநாள் காலையில் எல்லாம் தயாராக இருந்தது. கதாநாயகி வந்துவிட்டார். வெயிலும் நேற்றைப் போலவே விழுந்தது. அந்தக் கல் மட்டும் காலியாக இருந்தது. "எங்கம்மா உன் அக்கா?" என்று டைரக்டர் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். துணை நடிகை ஒருத்தருக்கு அதே நிறத்தில் சேலை கிடைக்குமா என்று உதவி இயக்குநர்கள் டவுணுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அம்மா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியைத் திறக்கக்கூட இல்லை.

அப்போது மேல்படியில் மயில்கழுத்து நிறம் தெரிந்தது. அக்காதான். அதே சேலை, அதே வாளி. விறுவிறுவென்று இறங்கி வந்து, நேற்றைய கல்லிலேயே உட்கார்ந்து சேலையைச் செருகிக்கொண்டாள்.

"நேத்து வீட்டுக்குப் போனதும் அலசிப் போட்டேன். அதான் சுருக்கமா கெடக்கு. பாதகமில்லையா பிள்ள?" என்றாள். வாளிக்குள் பார்த்தேன். நேற்றுத் துவைத்துக் காயப்போட்ட அதே துணிகள், மடித்தபடி இருந்தன. "விசேஷ வீட்டுல அழுக்குத் துணிக்கு எங்கன போக? துவைச்ச துணியையே திரும்பத் துவைக்கேன். எங்க வீட்டுல அவிய பாத்தா, எனக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டுன்னு நெனைப்பாவ."

அவள் சோப்புப் போட ஆரம்பித்ததும்தான் கைகளைக் கவனித்தேன். நேற்றுக் கிடந்த அதே சிவப்புக் கண்ணாடி வளையல்கள். மருதாணி இல்லை. வளைகாப்பு வீட்டில் முதல் நாளே எல்லாப் பெண்களும் மருதாணி வைத்துக்கொள்வார்கள். நான் கேட்டதற்கு, "நேத்து கையில மருதாணி இல்லைல்லா? இன்னைக்கு மட்டும் செவசெவன்னு இருந்தா ஒனக்குத்தானே ஏச்சு விழும்?" என்றாள். நான் சேலையைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். மருதாணியைப் பற்றி யோசிக்கவே இல்லை. யாரென்றே தெரியாத ஒருத்திக்காக, தன் தங்கையின் வளைகாப்புக்கு மருதாணி இல்லாத வெறுங்கையோடு நிற்கப்போகிறாள்.

பாதியில் மேல்படியிலிருந்து ஒரு குரல். புது வேட்டி கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் ஒருவர். அக்காவின் வீட்டுக்காரர். "ஏளா, வாரியா இல்லையா? அங்க பொம்பளைய எல்லாம் காத்துக் கெடக்கு! நல்ல நேரம் போகுது!" டைரக்டர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் கும்பிட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கடைசி நெருக்க ஷாட் ஓகே என்றதும், அக்கா துணிகளை வாளிக்குள் அமுக்கி, ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி ஓடினாள். ஸ்கூட்டரில் ஏறும்போது வீடு எந்தத் தெரு என்று மட்டும் கத்திச் சொன்னாள்.

கதாநாயகி படியேறிப் போகிற ஷாட் பாக்கி இருந்தது. அதற்கு அக்கா வேண்டாம், துவைத்து முடித்துவிட்டுப் போயிருப்பாள் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். கல் நனைந்து கிடக்கிறது, படியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், துடைக்கவா என்று கேமராமேனைக் கேட்டேன். "அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

அந்த வருடத்தின் பிற்பாதியில் சென்னையில் எடிட்டிங் அறையில் வேலை. படம் நீளமாகிவிட்டது, குறைக்க வேண்டும் என்றார்கள். ஒரு மத்தியானம் படித்துறைக் காட்சி வந்தது. எடிட்டர் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். "இந்தத் துவைக்கிற அம்மா யாரு? ரொம்ப நல்லா இருக்காங்க. அதான் சிக்கல். கண்ணு அவங்க மேலயே போகுது, கதாநாயகியைப் பார்க்கவே தோணலை" என்று சொல்லி வெட்டினார். கதாநாயகி படியேறிப் போகிற அந்தக் கடைசி ஷாட் மட்டும் மிஞ்சியது. அக்கா இருந்த ஷாட்டுகள் எல்லாம் பக்கத்தில் தொங்கிய துணிப்பைக்குள் சுருண்டு விழுந்தன. ஒரு ஷாட்டாவது வைக்கலாமே சார் என்று கேட்டுப் பார்த்தேன். பயிற்சிக்கு வந்த பிள்ளையின் பேச்சு அங்கே எடுபடுமா?

படம் வெளியான வாரம் ஊருக்கு வந்திருந்தேன். அக்கா தியேட்டரில் போய் உட்கார்ந்து ஏமாறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று டவுண் பஸ் ஏறினேன். தெரு தெரிந்ததால் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "வா பிள்ள, வா வா! ஞாயித்துக்கெழம மேட்னிக்குத் தெருவே கெளம்புது, பாத்துக்கோ! எந் தங்கச்சியும் பிள்ளையத் தூக்கிட்டு வாரா" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. திரும்பி நின்று பாலை அடுப்பில் வைத்தாள். பால் பொங்கியதும் இறக்கி வைத்தாள்.

"அந்தப் படித்துறை வருதா?" என்று கேட்டாள்.

"வருதுக்கா. நீங்க போன பிறகு எடுத்தது வருது."

"சவத்த விடு. காப்பியக் குடி. ஞாயித்துக்கெழம நீயும் வந்துரு."

தெருக்காரர்களிடம் அவள் எதையும் சொல்லவில்லை என்பது தியேட்டர் வாசலில்தான் தெரிந்தது. ஜங்ஷனில் இருந்த அந்தத் தியேட்டரில் ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டு எல்லாரும் முறுக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் இரண்டு கைகளிலும் மருதாணி சிவந்திருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். படத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ஆறு எப்போது வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஆறு வந்தது. கதாநாயகி படியேறிப் போகிறாள். வரிசை முழுக்க, "எங்கட்டி? ஒன்னயக் காணுமே? எங்க?" என்று எட்டிப் பார்த்தது. என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

அக்கா சடாரென்று எழுந்து நின்று திரையைக் கைநீட்டிக் காட்டினாள். "அந்தா, அந்தக் கல்லுதான்! ஈரம் கெடக்கு பாருங்கட்டி. இப்பத்தான் எந்திரிச்சுப் போறேன்! படியெல்லாம் சொட்டுது பாரு, அது எங் கால்தடம்!"

"ஆமாட்டி, நனைஞ்சு கெடக்கு!" என்று யாரோ கத்தினார்கள். வரிசையே கைதட்டியது. பின்னாலிருந்து விசில்கூடப் பறந்தது. கைதட்டல் அடங்கும்போது, மடியில் குழந்தையோடு இருந்த தங்கச்சி சின்னக் குரலில் சொன்னாள்: "எனக்கு வளையல் போடத்தானே ஓடி வாரா."

அக்கா உட்கார்ந்தாள். இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடிகிறவரை விடவே இல்லை. நான்தான் அழுதேன். அவள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

படிப்பை முடித்து, டி.வி.யிலும் படங்களிலும் பல வருடம் வேலை பார்த்து, இப்போது பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வருடம் நான் வாங்கிய மதிப்பெண் நினைவில்லை. ஆனால் இன்றைக்கும் எந்தப் படத்திலாவது ஆளில்லாத ஒரு இடம் வந்தால் போதும், இங்கிருந்து யார் இப்போதுதான் எழுந்து போனார்கள், யாருக்கு வளையல் போட ஓடுகிறார்கள் என்று என் கண் தானாகத் தேடத் தொடங்கிவிடுகிறது.