மூன்றாவது பாட்டு

“பாடகர் செத்துட்டார்னு பேப்பர்ல வரலையே, உனக்கு யாரு சொன்னா?” என்று கரமனையில் வீட்டுக்கார மாமா கேட்டபோது எனக்கு ஏழு வயது.

“அம்மா சொன்னா.”

“அவளுக்கு வாசிக்கவே தெரியாதே.”

தெரியாதுதான். ஆனால் ரேடியோவில் ஒரே குரல் தொடர்ந்து மூன்று பாட்டுப் பாடினால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, “போயாச்சுடி” என்பாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. மறுநாள் மாமாவின் பேப்பரை வாங்கி அந்தப் பெயரை அவளுக்கு உரக்க வாசித்தேன். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவள் நான்.

இன்று ஆபீஸ் கேன்டீன் ரேடியோவில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த குரல். மூன்றாவது பாட்டு. இன்னும் எத்தனை பேருக்காகத்தான் அவள் அடுப்பை அணைப்பாள்? இந்த ஒருவருக்காவது அவள் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கரமனை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.