வியாழக்கிழமை வந்த வலிப்பு

என் கணவருக்குத் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலை. சனிக்கிழமைக் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்திறங்கும். அறை திறந்து கொடுத்தே அவருக்கு விடிந்துவிடும். எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான இரண்டாம் வருஷம், என் இடுப்பில் கைக்குழந்தை இருந்த சமயம், அவருக்கு வலிப்பு வரத் தொடங்கியது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார். அப்படியும் வந்தது. வந்ததெல்லாம் சனிக்கிழமை காலையில்.

சனிக்கிழமை என்றால் எங்கள் பக்கம் வேறு யோசனைக்கு ஏது இடம்? "சனி புடிச்சிருக்கு," என்று மாமியார் முடிவே கட்டிவிட்டார். வாராவாரம் விடியுமுன் நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுக்கு, பிறகு எள் விளக்கு. லாட்ஜிலிருந்து அப்படியே குளத்துக்குப் போவார். மனுஷன் கண்ணை மூட நேரமில்லை. பரிகாரம் ஏற ஏற வலிப்பும் ஏறியது. ஒரு சனிக்கிழமை குளத்துப் படியிலேயே விழுந்தார். பக்கத்தில் குளித்தவர்கள் தூக்கியதால் பிழைத்தார்.

சேதி கேட்டு என் அப்பா வந்தார். "போதும்மா. புள்ளைய தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு."

"ஒரு மாசம் பொறுங்கப்பா," என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அந்த மாசத்தில்தான் என் கணவரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். புதன்கிழமை ராத்திரி முழுக்கப் பந்தல் வேலை, பந்தி வேலை. வியாழக்கிழமை காலை வலிப்பு. எல்லோரும் அழுதார்கள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது, சொல்ல வெட்கமில்லை.

"வியாழக்கிழமையில சனிக்கு என்னங்கத்த வேலை?" என்று மாமியாரைக் கேட்டேன்.

மாத்திரை எழுதித் தந்த காரைக்கால் டாக்டரிடம் போய், ராத்திரி விழித்தால் மறுநாள் காலை விழுகிறார் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். "மூளைக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதும்மா. தூக்கம், முழிப்பு எல்லாம் அது கணக்கு. அதைக் கெடுத்தா இந்த மாதிரி ஆளுங்களுக்கு வலிப்பு வரும். நான் கேட்டிருக்கணும். நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க."

பத்தாவது ஃபெயிலான எனக்கு டாக்டர் சொன்ன வார்த்தை அது. அந்தப் பெருமையில் இன்றுவரை யாருக்கும் பங்கு கொடுத்ததில்லை.

லாட்ஜ் முதலாளியிடம் நானே போய் நின்று, பகல் வேலையாக மாற்றி வாங்கினேன். இனி முழுக்கு காலை பத்து மணிக்கு என்றதும் மாமியார் குதித்தார். "பத்து மணிக்குப் போனா சனீஸ்வரன் வேணாம்பாராங்கத்த?" என்றேன். ராத்திரி ஒன்பது மணிக்கே விளக்கணைத்தோம். 'கோழியோட படுக்குறவரு' என்று தெருவே கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமைகள் சும்மா கடந்துபோயின.

மாசம் முடிந்ததும் அப்பா கடைசி பஸ்ஸில் வந்து, வாசலில் நின்று என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். ஓடிப்போய் வாயில் விரல் வைத்தேன். "மெதுவாங்கப்பா. அவங்க தூங்குறாங்க."

அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்து உள்ளே வந்தார். என்னைக் கூட்டிப்போக வந்ததாக அவர் சொல்லவேயில்லை.