மெழுகு வில்லையில் ஒரு சேமியாத் துண்டு

என் வீட்டுக்காரருக்கு ஈரலில் கட்டி என்றதும், ஈரலுக்கு மருந்து கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். டாக்டர் தலையாட்டி மறுத்தார்.

"இது ஈரல்ல பொறந்த கட்டி இல்லீங்கம்மா. வேற எங்கிருந்தோ வந்திருக்கு. எங்கிருந்துன்னு தெரிஞ்சாத்தான் மருந்து முடிவு பண்ண முடியும்."

ஸ்கேனில் பிடிபடவில்லை. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், ஒரு சேமியாத் துண்டு அளவு. அதை மெழுகு வில்லைக்குள் பதித்து, மெல்லிசாகச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். குடலில் பிறந்த செல் ஒரு சாயத்தில் பழுப்பாகும், நுரையீரல் செல் இன்னொன்றில். கோயம்புத்தூர் பெரிய லேபுக்கு அனுப்பலாம், மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டர். எனக்கு ஏது பொறுமை? மூன்று வாரம் மனுஷன் இருப்பாரா என்று சண்டை பிடித்தேன். நாலே நாளில் முடிவு தரும் பக்கத்துச் சின்ன லேபுக்கே கொடுக்க வைத்தேன். அவர்களிடம் இருந்ததே சில வகைச் சாயம்தான். திரும்பத் திரும்பச் சீவிப் பார்த்தும் எதிலும் நிறம் ஏறவில்லை.

அப்புறம் வில்லையை வாங்கிக்கொண்டு மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினேன். வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று பயந்து, பால் சொசைட்டியில் ஐஸ் கேட்டு வாங்கி, தூக்குப்போசியில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். கோயம்புத்தூர் லேபில் டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சதையே மிச்சமில்லீங்க. சீவியே தீந்துருச்சு. வெறும் மெழுகுதான். மறுபடி ஊசி போட்டுத்தான் எடுக்கோணும்."

ஐஸ் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தது இதைத்தானா என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டில் அவர் வயிறெல்லாம் நீர் கோத்து, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"போதும் புள்ள. இன்னொருக்கா குத்த வேண்டாம். மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்றார்.

அதன் பிறகு பதினோரு நாள் இருந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். "ஏனுங்க்கா, எங்கீங்க கேன்சரு?"

தெரியவில்லை என்றேன்.

"அதக்கூடக் கண்டுபுடிக்கலீங்களா? என்ன டாக்டருங்களோ!" என்று அவர்கள் திட்டினார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவசரப்படுத்தியது நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.